வைத்தியர் அருகில் இல்லாதவருக்கு

சென்ற வருடம் ஒரு கவிதை நூல் வெளியீட்டில் நண்பர் ஒருவர் சொன்ன வாக்கியத்துக்குப் பதிலாகவே இதை எழுதுகிறேன். இச்சஞ்சிகையின் வாசகர்களுக்கு அவர் நன்கு பரிச்சயமானவர். பெயர் அவசியமில்லை, அவர் சொன்னது நம்மில் பெரும்பாலானோரின் எண்ணந்தான். நோய்களைப் பற்றியும் நிலத்தடி நீரைப் பற்றியும் நமது இதழ்களில் ஏன் ஒரு கட்டுரையும் வருவதில்லை என்று நான் கேட்டேன். "இலக்கியச் சஞ்சிகை ஆஸ்பத்திரித் துண்டுப்பிரசுரமல்ல" என்றார் அவர். சபை சிரித்தது. நானும் சிரித்தேன். பஸ் ஏறி ஊர் திரும்பும்போதுதான் சிரிப்பு அடங்கிற்று. அப்படியொரு துண்டுப்பிரசுரம் அன்று எனது சட்டைப் பைக்குள்ளேயே இருந்தது.

அது எனது ராத்தாவின் மகள் தந்தது. அவளுடைய மூத்த பிள்ளைக்குத் தலசீமியா. பிள்ளை வெளிறி, வயிறு பருத்து, நாலடி நடந்தால் களைத்து உட்கார்ந்துவிடும். ஒன்றரை வயதில்தான் கண்டுபிடித்தார்கள். கிளினிக்கில் கொடுத்த தாளை நாலாக மடித்து எடுத்துவந்து என்னிடம் நீட்டினாள். "மாமா, நீங்க எழுதுறவங்கதானே. இத வாசிச்சி எனக்கு விளங்கிற மாதிரி சொல்லுங்க."

சத்தமாக வாசித்தேன். பின்னிடைவான பரம்பரையலகு என்றும் செங்குழிய அழிவு என்றும் வரிசையாக வந்தன. இரண்டாம் பந்தியில் 'நீங்கள் ஒரு காவியா?' என்றொரு கேள்வி. பக்கத்தில் இருந்த எனது உம்மா திடுக்கிட்டு, "ஹாமதுருமார் உடுக்கிற காவியா மனே? அது என்னத்துக்கு நம்மட புள்ளைக்கு?" என்றார். நோயைச் சுமப்பவர் என்ற பொருளில் எவரோ அகராதி பார்த்துப் போட்ட சொல் அது.

சிரிக்க முடியவில்லை. எனக்கும் அந்தத் தாள் விளங்கவில்லை. மூன்று கவிதைத் தொகுதிகள், ஒரு சிறுகதைத் தொகுதி, நாற்பது வருட எழுத்து; ஒரு தாளில் இருந்ததை எனது மருமகளுக்கு அவளுடைய தமிழில் சொல்ல என்னால் முடியவில்லை. "டொக்டரிட்டயே கேளு மகள்" என்று சொல்லித் தப்பிக்கொண்டேன். அந்த வரிசையில் ஒரு தாய்க்கு ஐந்து நிமிடம்கூடக் கிடைக்காது என்பது தெரிந்துதான் சொன்னேன்.

அதற்குப் பிறகு சில மாதங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்ல வேண்டும். பிள்ளைக்கு இரத்தம் குறைவு என்று சொன்னால் நமது பெண்கள் என்ன செய்வார்கள்? ஆட்டு ஈரல் வாங்கி அவித்துக் கொடுத்தார்கள். பேரீச்சம்பழம் ஊறவைத்துக் கொடுத்தார்கள். பார்மசியில் 'இரத்தம் ஊற' என்று கேட்டு இரும்புச்சத்து டொனிக் வாங்கிப் பருக்கினார்கள். அன்பினால் செய்தார்கள். ஆனால் அந்தப் பிள்ளையின் உடம்பில் இரும்பு குறைவாக இல்லை, மிதமிஞ்சிக் கொண்டிருந்தது. ஏற்றுகின்ற ஒவ்வொரு பை இரத்தத்திலும் ஏறத்தாழ 200 முதல் 250 மில்லிகிராம் வரை இரும்பு இருக்கிறது. உடம்பு சாதாரணமாக ஒரு நாளைக்கு வெளியேற்றக்கூடியது ஒன்று அல்லது இரண்டு மில்லிகிராம். மிஞ்சியது ஈரலிலும் இருதயத்திலும் படிகிறது. அதை வெளியேற்றத்தான் இரவு முழுக்கத் தோலுக்குக் கீழே ஊசி மருந்தேற்றும் சிறிய பம்பையும் மாத்திரைகளையும் தருகிறார்கள். பிரதான காரணம் ஏற்றும் இரத்தம்தான், ஈரற்கறி அல்ல. ஆனாலும் ஒரு பக்கத்தில் டொக்டர் இரும்பை இறைத்துக்கொண்டிருக்க மறுபக்கத்தில் உம்மம்மா டொனிக்கை ஊற்றிக்கொண்டிருந்தார். 'இரும்புச்சத்து மருந்துகளைத் தவிர்க்கவும்' என்று தாளின் பின்பக்கத்தில் ஒரு வரி இருந்தது. பின்பக்கம்வரை எவரும் போகவில்லை. நானும் போகவில்லை.

இதன் பிறகுதான் படிக்கத் தொடங்கினேன். ஒரு பக்கம் எழுத மூன்று மாதம் பிடித்தது. எனக்குத் தெரிந்த ஒரு தாதியும், ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர் ஒருவரும் வரிக்கு வரி திருத்தினார்கள். நண்பரின் கேலிக்கு விடையாக அந்தப் பக்கத்தின் சாரத்தை இங்கேயே வைக்கிறேன்.

இரத்தத்துக்குச் சிவப்பைக் கொடுக்கும் பொருளைச் செய்ய உடம்புக்கு ஒரு குறிப்பு வேண்டும், சமையற் குறிப்பைப் போல. ஒவ்வொருவரிடமும் அதில் இரண்டு பிரதி இருக்கும். ஒன்று வாப்பாவிடமிருந்து வந்தது, மற்றது உம்மாவிடமிருந்து. சிலரிடம் ஒரு பிரதி பிழையாக இருக்கும். நல்ல பிரதி ஒன்று போதும் என்பதால் அவருக்கு நோய் இல்லை. கொஞ்சம் வெளிறியிருக்கலாம், அவ்வளவுதான். அவர் நோயாளி அல்ல, நோயைச் சுமக்கிறவர். அவர் பிழையில்லாத ஒருவரை மணந்தால் பிள்ளைகளுக்கு இந்தப் பெரிய நோய் வராது. சுமக்கிற இருவர் மணந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு வாய்ப்பு, பிள்ளைக்கு இரண்டு பிரதியும் பிழையாகக் கிடைப்பதற்கு. 'ஒன்றுக்கு வந்துவிட்டது, இனி மூன்றுக்கு வராது' என்று கணக்குப் போடுவது தவறு. ஒவ்வொரு முறையும் சீட்டு புதிதாகக் குலுக்கப்படுகிறது. சொந்தத்துக்குள் மணப்பவர்களிடம் ஒரே பிழை இருவரிடமும் இருக்கும் வாய்ப்புக் கூடுதல், இருவருக்கும் மூத்தப்பா ஒருவர்தானே. சுமக்கிறவரா என்று அறிய ஓர் இரத்தப் பரிசோதனை போதும். அதை நிக்காஹ்வுக்கு முன்னர் செய்ய வேண்டும்; பேச்சு முடிந்து, மண்டபம் பிடித்து, ஊருக்குச் சொல்லிய பிறகு அல்ல.

இதில் எந்த வரி இலக்கியத்துக்குத் தீட்டு?

எனது மருமகள் மாமி மகனைத்தான் முடித்தாள். அந்தக் கலியாணப் பேச்சில் நானும் இருந்தேன். வீடு எத்தனை அறை என்று பார்த்தோம், வளவின் உறுதி பார்த்தோம், மாப்பிள்ளையின் உத்தியோகம் நிரந்தரமா என்று பார்த்தோம். சீதனம் பேசமாட்டோம் என்று பேசிப்பேசியே சீதனம் வாங்கினோம். இரத்தத்தை மாத்திரம் எவரும் கேட்கவில்லை. ஈரானில் 1997 முதல் திருமணத்துக்கு முன்னர் இப்பரிசோதனை கட்டாயம். சவூதி அரேபியாவில் 2004 முதல் கட்டாயம். அரபு நாட்டிலிருந்து தொப்பியையும் அபாயாவையும் கட்டட முகப்பையும் இறக்குமதி செய்த நாம் இந்த ஒன்றை ஏன் இறக்குமதி செய்யவில்லை என்று கேட்டால் கோபிக்கிறார்கள். குருநாகலில் தேசிய தலசீமியா நிலையம் இருக்கிறது. இந்நோய் நமக்கு மட்டும் உரியதுமல்ல. அறிவு நாட்டில் இல்லாமற் போகவில்லை. அது ஒரு மொழியிலிருந்து இன்னொன்றுக்கு, ஒரு மேசையிலிருந்து ஒரு குசினிக்கு வந்து சேரவில்லை.

கொண்டு வந்து சேர்க்க வேண்டியவர் யார்? முதலில் எல்லோரும் கைகாட்டுவது பல்கலைக்கழகத்தை. நியாயந்தான். விரிவுரையாளர் ஒருவரிடம் இதுபற்றித் தமிழில் நாலு பக்கம் கேட்டேன். நல்ல மனிதர், மறைக்காமல் சொன்னார்: "தமிழ்ல எழுதினா புள்ளி இல்ல." பதவி உயர்வுக்கான புள்ளியைச் சொன்னார். அவர் ஆங்கிலத்தில் எழுதுவதை வாசிப்பவர்கள் இன்னும் சில விரிவுரையாளர்கள். அவர்களும் ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். நமது உம்மாமாரின் பிள்ளைகளைப் பற்றிய ஆய்வை நமது உம்மாமார் மட்டும் வாசிக்க முடியாது. இலவசக் கல்வியில் மேலே போனவர்களின் கடன் இது என்று நான் வாதிட்டேன். அவர் தலையசைத்தார். கட்டுரை இன்னும் வரவில்லை.

ஆனால் அவரை ஏசிவிட்டு நாம் நழுவ முடியாது. அவருக்கு விஷயம் தெரியும், மொழி கைவராது. மொழி கைவந்தவர்கள் நாம். இரண்டாயிரத்துச் சொச்ச ஆண்டுகளில் நமது வட்டங்களில் என்ன நடந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். ஃபூக்கோவையும் தெரிதாவையும் தமிழ்நாட்டுச் சிறுபத்திரிகைகள் வழியாக எடுத்துவந்து இரவிரவாக விவாதித்தோம். கட்டுடைப்பு, கதையாடல், விளிம்புநிலை, பெருங்கதையாடலின் தகர்வு என்று சொற்கள் ஆக்கினோம். பாதி விளங்கியும் பாதி விளங்காமலும் எழுதினோம், அதைப் பற்றி நமக்குக் கூச்சமிருக்கவில்லை. அதில் பயனே இல்லை என்று சொல்லமாட்டேன். இந்நாட்டின் முஸ்லிம் தேசம், முஸ்லிம் அடையாளம் பற்றியெல்லாம் பேச நமக்கு ஒரு நாக்கைத் தந்தது. நான் கேட்பது, மிகக் கடினமான பிரெஞ்சுச் சிந்தனைக்குத் தமிழ் கண்டுபிடித்த அதே கை, ஒரு பை இரத்தத்துக்குத் தமிழ் கண்டுபிடிக்க ஏன் மறுக்கிறது என்பதைத்தான். முடியாமையால் அல்ல. அதற்கு மேடையில் கைதட்டல் இல்லை என்பதால்.

இது ஒரு வீட்டுக் கதை. முழுச் சமூகமுமே இப்படி வாயடைத்து நின்ற காலமொன்று உண்டு. 2020 மார்ச் இறுதியில் கொவிட் தொற்றினால் இறந்த முஸ்லிம் ஒருவரின் ஜனாஸா முதன்முதலில் எரிக்கப்பட்டது. ஏப்ரலில் எரிப்பது வர்த்தமானி மூலம் கட்டாயமாக்கப்பட்டது. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தது. அவ்வருடம் டிசம்பரில் பிறந்து இருபது நாளான ஒரு சிசுவையும் எரித்தார்கள். பொரளை மயானத்து வேலியில் வெள்ளைத் துணிகள் கட்டப்பட்டன. அது அறியாமையால் நேர்ந்த தவறல்ல, அரசியல். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த அரசியல் உடுத்தி வந்த ஆடை விஞ்ஞானம். நிலத்தடி நீர் கெட்டுவிடும் என்றார்கள்.

அக்காலத்தில் ஒருநாள் எனக்குப் பழக்கமான சிங்களக் கடைக்காரர், பகையில்லாத மனிதர், மெதுவாகக் கேட்டார்: "மாஸ்டர், உண்மையிலேயே தண்ணீர் பழுதாகாதா?" நான் சொன்ன பதில், "அடக்குவது எங்கள் மார்க்கக் கடமை" என்பது. அவர் கேட்டது வேறு, நான் சொன்னது வேறு. அவர் கேட்டதற்குப் பதில் இருந்தது. வைரசு பெருக உயிருள்ள கலம் வேண்டும். இறந்தவர் மூச்சு விடுவதில்லை, இருமுவதுமில்லை. கொலரா, நெருப்புக்காய்ச்சல் போலத் தண்ணீரால் பரவும் நோய்கள் பெரும்பாலும் மலத்தோடு நீரில் கலப்பவை. அப்படியானால் நீரைப் பற்றி அஞ்ச வேண்டியது உயிரோடு வைத்தியசாலைகளில் இருந்த ஆயிரக்கணக்கானோரின் கழிவை. ஆழக் குழியில் அடங்கிய சில நூறு உடல்களை அல்ல. நாலு வாக்கியம். எனக்கு அன்று தெரியாது. தெரிந்தவர்கள் ஆங்கிலத்தில் அறிக்கை விட்டார்கள். 2021 பிறந்த வேளையில் சமுதாய மருத்துவர்களின் கல்லூரியும் இலங்கை மருத்துவச் சங்கமும் அடக்கத்தை அனுமதிக்கலாம் என்றே சொல்லின. நமது இதழ்களும் முகநூல் பக்கங்களும் கவிதைகளால் நிறைந்தன. நானும் இரண்டு எழுதினேன். அவற்றைச் சிங்களக் கடைக்காரர் வாசிக்கவில்லை. வாசித்திருந்தாலும் அவருடைய கேள்விக்கு அவற்றில் பதில் இல்லை.

2021 பெப்ரவரி இறுதியில் தடை நீங்கியது. மார்ச் மாதம் முதல் ஓட்டமாவடியில் அடக்கம் நடந்தது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரிற்று. கவிதைகளினாலோ எனது நாலு வாக்கியத்தினாலோ அது நடந்துவிட்டது என்று எவரும் எண்ண வேண்டாம். ஆனால் அந்த வர்த்தமானிக்கும் அந்த மன்னிப்புக்கும் இடைப்பட்ட காலத்தில் நமது அயலவரிடம் நாம் பேசியிருக்கக்கூடிய பேச்சொன்று பேசப்படாமலே போயிற்று.

இனி மேடைகளுக்கு வருகிறேன். மீலாத் விழாவோ பாடசாலைப் பரிசளிப்போ, பேச்சாளர் தொண்டையைச் செருமியதும் இப்னு சீனா வருவார், அல்ராஸி வருவார், ஐரோப்பா இருளில் கிடந்தபோது பக்தாதில் விளக்கெரியும். எனக்கு அந்தப் பெருமையில் குறைச்சலில்லை. ஆனால் அல்ராஸி என்ன எழுதினார் என்று அந்தப் பேச்சாளரிடம் கேட்டுப் பாருங்கள். பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறைந்த அந்த மனிதர், ரையிலும் பக்தாதிலும் வைத்தியசாலைகளுக்குத் தலைமை தாங்கியவர், வைத்தியர்களுக்காகப் பெரும் நூல்கள் எழுதியவர், 'மன் லா யஹ்ளுருஹுத் தபீப்' என்றொரு நூலும் எழுதினார். தன்னருகில் வைத்தியர் இல்லாதவருக்கு என்று அதற்குப் பொருள். கடைத்தெருவிலும் அடுப்படியிலும் படைமுகாமிலும் கிடைக்கும் பொருட்களைக் கொண்டு என்ன செய்யலாம் என்று ஏழைக்கும் பயணிக்கும் சொல்கின்ற நூல். 'ஏழைகளின் வைத்தியம்' என்றே அதற்கு இன்னொரு பெயர். அடுத்த தலைமுறையில் கைரவானில் இப்னுல் ஜஸ்ஸாரும் அதேபோல் வறியவர்களுக்கு ஒரு மருத்துவ நூல் செய்தார். அதாவது, மேடையில் நாம் மாலை போடும் அந்த மேதை ஆஸ்பத்திரித் துண்டுப்பிரசுரம் எழுதியவர். (அவருடைய மார்க்கக் கருத்துகளைப் பற்றி எந்த மேடையும் வாய் திறப்பதில்லை. அது வேறு கதை.)

'கலைச்சொல் இல்லை' என்பது இன்னொரு சாட்டு. பக்தாதில் கிரேக்க வைத்தியத்தை அரபுக்குக் கொண்டுவந்த ஹுனைன் இப்னு இஸ்ஹாக், அவர் ஒரு கிறிஸ்தவர், சொல் கிடைக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. அவ்வளவு தூரம் போகவும் தேவையில்லை. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் கிறீன் என்ற அமெரிக்க மிஷனரி வைத்தியர் 1860களில் மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். அவர் வந்த நோக்கம் மதம் பரப்புவது. அது நமக்கு உவப்பானதல்ல. ஆனால் அவருடைய காரணத்தைக் கேளுங்கள். ஆங்கிலத்தில் படித்தவன் நகரத்து உத்தியோகத்துக்குப் போய்விடுவான், தமிழில் படித்தவன் கிராமத்தில் தங்குவான். இதை அறிய அவருக்கு நமது இன்றைய நிலையைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. 1867இல் 'இரண வைத்தியம்', 1875இல் 'கெமிஸ்தம்' என்று நூல்கள் வந்தன. 'கெமிஸ்தம்' என்ற சொல்லைப் பார்த்து இன்று சிரிக்கலாம். இரசாயனவியல் என்ற சொல்லை நாம் சொகுசாக வைத்திருக்கிறோம், புத்தகத்தை அல்லவா காணவில்லை.

நம்மிலும் ஒருவர் இருந்தார். சித்திலெப்பை 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கியபோது, ஆங்கிலம் படித்தால் ஈமான் போய்விடும் என்று நம்பிய ஒரு சமூகத்தோடு அவர் வாரந்தோறும் வாதாட வேண்டியிருந்தது. அவர்தான் 1885இல் 'அசன்பேயுடைய கதை'யையும் எழுதினார். நமது நாவல் வரலாற்றை அவரிலிருந்து தொடங்குகிறோம், ஆய்வரங்கு வைக்கிறோம். அந்த நாவலை எழுதியவருக்குப் பத்திரிகையில் கல்வியைப் பற்றி எழுதுவது இலக்கியத்தை விட்டு இறங்குவதாகத் தோன்றவில்லை. அந்த வேலிகளை நட்டவர்கள் பின்னால் வந்த நாமே.

மக்கள் வாசிப்பதில்லையே என்று ஒரு கடைசி வாதம் வரும். வாசிக்கிறார்கள், கேட்கிறார்கள். வட்ஸ்அப்பில் ஏழு நிமிடக் குரற்பதிவில் யாரோ ஒருவர் கருஞ்சீரகமும் தேனும் கொடுத்தால் இரத்தமேற்றத் தேவையில்லை என்கிறார். அதை எனது மருமகளுக்கு ஒரே வாரத்தில் நாலுபேர் அனுப்பியிருந்தார்கள். அவர் பேசும் தமிழ் நல்ல தமிழ். தெளிவாகவும் இதமாகவும் 'உம்மா', 'தங்கச்சி' என்று அழைத்தும் பேசுகிறார். பொய்க்கு அந்தத் தமிழ் கிடைத்திருக்கிறது. உண்மைக்குக் கிடைத்தது 'நீங்கள் ஒரு காவியா?'

நான் எழுதிய பக்கத்தை எங்கள் பள்ளிவாசலின் மௌலவியிடம் கொண்டு போனேன். தயங்குவார் என்று எண்ணினேன். வாசித்துவிட்டு, "சொந்தத்துல முடிக்கிறது ஹராம்னு ஆக்கள் விளங்கிறக் கூடாது, அந்த வரிய மட்டும் கொஞ்சம் பாருங்க" என்றார். சரியான திருத்தம். சொந்தத்தில் முடிப்பதையோ, சுமக்கிறவர் மணம் முடிப்பதையோ தடுப்பதல்ல நோக்கம். பார்த்து முடிப்பதுதான் என்று ஒரு வரி சேர்த்தேன். அவர் அதை ஒரு ஜும்ஆவுக்குப் பிறகு வாசித்தார். எத்தனைபேர் பரிசோதிக்கப் போனார்கள் என்பதை நான் எண்ணவில்லை. ஒருவர் வந்து, இது குமர்ப்பிள்ளைகளின் கலியாணத்தைக் குழப்பும் வேலை என்று ஏசிவிட்டுப் போனார்.

அன்று பின்னேரம் மருமகள் வீட்டுக்குப் போய் அவளுக்கும் வாசித்துக் காட்டினேன். உம்மாவும் இருந்தார். ஈரல் வரியில் உம்மா கண்ணைத் துடைத்தார். அது அவருடைய பிழையல்ல, எனதுதான் என்று சொன்னேன். மருமகள் முழுவதையும் கேட்டுவிட்டு, மடியில் இருந்த இளையவளின் தலையைத் தடவியபடி, "அப்ப மாமா, இவக்கும் ரத்தம் பார்க்கணுமா?" என்றாள்.

பார்க்க வேண்டும். உடன்பிறந்தவர்களைப் பற்றி நான் ஒரு வரியும் எழுதியிருக்கவில்லை. அதைச் சேர்த்துத் திருத்திய பிரதியை இக்கட்டுரையுடன் ஆசிரியருக்கு அனுப்பியிருக்கிறேன். தனித்தாளாகக் கிழித்தெடுக்கத்தக்கதாக நடுப்பக்கத்தில் இடம் கேட்டிருக்கிறேன். இடம் போதாது என்றால், அடுத்த இதழுக்காக அவரிடம் கிடக்கும் எனது கவிதையை முதலில் எடுத்துவிடட்டும்.